16 ஜிபி ரேமில் ஆண்ட்ராய்டை மூலநிரலிலிருந்து பில்ட் செய்ய முடியுமா?

தேன்சிட்டு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. என் போனுக்கு அப்டேட் நின்று இரண்டு வருடம் ஆகிறது. பேட்டரி நன்றாக இருக்கிறது, திரையில் ஒரு கீறல்கூட இல்லை. தூக்கிப் போட மனம் வரவில்லை. அதற்கு லினேஜ் ஓஎஸ் 21-இன் (ஆண்ட்ராய்டின் மூலநிரலிலிருந்து தன்னார்வலர்கள் உருவாக்கும் பதிப்பு) டிவைஸ் ட்ரீயை, அதாவது அந்தப் போனுக்கே உரிய அமைப்புக் கோப்புகளை, ஒருவர் பராமரிக்கிறார், ஆனால் தயார் பில்ட் வெளியிடுவதை நிறுத்திவிட்டார். சரி, சோர்ஸை இறக்கி நானே பில்ட் செய்துகொள்ளலாம் என்று தொடங்கினேன்.

என்னிடம் இருப்பது 6 கோர், 12 த்ரெட் கொண்ட லேப்டாப். 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, உபுண்டு 22.04. சோர்ஸ் இறங்கவே ஒன்றரை நாள் ஆனது. பில்ட் கொடுத்த சில நிமிடங்களில் டெர்மினல் ஜன்னலே மறைந்துவிட்டது. மறுபடி கொடுத்தேன். இந்த முறை ஜன்னல் இருந்தது, ஆனால் 137 என்ற எண்ணைக் காட்டி நின்றுவிட்டது. கூகுளின் பக்கத்தில் போய்ப் பார்த்தால் 64 ஜிபி ரேம் வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்ததும் கை ஓய்ந்துவிட்டது.

புதுக் கணினி வாங்கும் நிலையில் நான் இல்லை. இருப்பதை வைத்து முடியுமா, முடியாதா? நேராகச் சொல்லுங்கள்.

நிரலோடை எழுதியது:

முடியும். ஆனால் லினேஜ் 21-ஐ 16 ஜிபியில் பில்ட் செய்வதற்குப் பொறுமை வேண்டும்.

முதலில் அந்த 137. இது ஆண்ட்ராய்டின் பிழை எண் இல்லை. ஒரு புரோசஸ் சிக்னல் வாங்கிச் செத்தால் ஷெல் 128-உடன் அந்தச் சிக்னலின் எண்ணைக் கூட்டிச் சொல்லும். 128 + 9 = 137. 9 என்பது சிக்கில், அதாவது யாரோ வெளியிலிருந்து கொன்றிருக்கிறார்கள். அந்த யாரோ பெரும்பாலும் லினக்ஸின் மையமான கர்னல்தான். ரேமும், ரேம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படுத்தும் ஸ்வாப் இடமும் தீர்ந்து போனால், எது அதிக நினைவைப் பிடித்து வைத்திருக்கிறதோ அதைக் கொன்று மற்றதைக் காப்பாற்றும். கர்னலின் பதிவுகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையில் "அவுட் ஆஃப் மெமரி" என்ற வரியைத் தேடுங்கள், கொல்லப்பட்டது எது என்று பெயரோடு இருக்கும்.

முதல் முறை டெர்மினலே மறைந்ததற்குக் காரணம் வேறாக இருக்கலாம். உபுண்டு 22.04 டெஸ்க்டாப்பில் சிஸ்டம்டி ஊம்டி என்று ஒன்று தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். நினைவு நெருக்கடி என்று அது நினைத்தால், கர்னல் தலையிடுவதற்கு முன்பே நெருக்கடி தரும் புரோசஸ் குழுவில் உள்ள எல்லாவற்றையும் சேர்த்து மூடிவிடும். பில்ட் ஓடும் டெர்மினலும் அதே குழுவில்தான் இருக்கிறது. பில்ட் நேரத்தில் மட்டும் அதை நிறுத்தி வையுங்கள்.

அடுத்து அந்த 64 ஜிபி. கூகுளின் ஆவணம் சொல்வது: 64 பிட் எக்ஸ்86 கணினி, குறைந்தது 64 ஜிபி ரேம், 400 ஜிபி காலி இடம். அதில் 250 ஜிபி சோர்ஸுக்கு, 150 ஜிபி பில்டுக்கு. அவர்களுடைய பொறியாளர்கள் 72 கோர் இயந்திரத்தில் முழு பில்டை ஏறக்குறைய 40 நிமிடத்தில் முடிப்பதாகவும், அதே 64 ஜிபியோடு 6 கோர் கணினியில் 6 மணி நேரம் ஆகும் என்றும் அங்கேயே இருக்கிறது. உங்கள் ப்ராசஸர் அந்த இரண்டாவது வரிசையில் இருப்பதுதான். ஆக ப்ராசஸர் உங்களைத் தடுக்கவில்லை, காக்க வைக்கும், அவ்வளவே. தடுப்பது ரேம். கோர் குறைந்தால் நேரம் கூடும். ரேம் குறைந்தால் வேலை பாதியில் சாகும். இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதால்தான் பலர் ரேமை விட்டுவிட்டு ப்ராசஸரை மாற்றுகிறார்கள்.

லினேஜ் தரப்பு இன்னும் இறங்கி வந்து பேசுகிறது. 17.1 வரைக்கும் 16 ஜிபி, 18.1 முதல் 32 ஜிபி என்பது அவர்கள் விக்கி சொல்லி வந்த கணக்கு. 17.1 என்றால் ஆண்ட்ராய்டு 10. நீங்கள் எடுத்திருக்கும் 21 ஆண்ட்ராய்டு 14.

ஒரு விவரம் மட்டும் சொல்லுங்கள். பில்ட் எந்த இடத்தில் நின்றது? சதவீதக் கணக்கு ஓடத் தொடங்கியிருந்ததா?

தேன்சிட்டு எழுதியது:

இல்லை அண்ணா, சதவீதம் எதுவும் வரவில்லை. "சூங் பூட்ஸ்ட்ராப் தோல்வி" என்று வந்தது. டிமெசேஜில் பார்த்தேன், கொல்லப்பட்டது சூங்_பில்ட். ஒரு கோப்புகூட கம்பைல் ஆகும் முன்பே எப்படி ரேம் தீர்ந்தது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இன்னொன்று, மைனஸ் ஜே 2 என்று கொடுத்தும் அதே இடத்தில்தான் நின்றது.

நிரலோடை எழுதியது:

இந்த இடத்தில் தடுக்கி விழாதவர் குறைவு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய ஆண்ட்ராய்டில் பில்ட் விதிகள் மேக் என்ற கருவிக்கான கோப்புகளில் மட்டும்தான். ஆண்ட்ராய்டு 7 காலத்தில் கோ மொழியில் எழுதிய சூங் என்ற பில்ட் கருவி வந்தது. மாட்யூல்கள் ஒவ்வொன்றாக ஆண்ட்ராய்டு டாட் பிபி கோப்புகளுக்கு மாறத் தொடங்கின. இன்று சோர்ஸ் ட்ரீ முழுவதும் அப்படி ஆயிரக்கணக்கான கோப்புகள் இருக்கின்றன. பில்ட் கொடுத்ததும் சூங் அவை அனைத்தையும் படித்து, எந்த மாட்யூல் எதைச் சார்ந்திருக்கிறது என்ற முழு வலையையும் நினைவில் பின்னுகிறது. மிச்சமிருக்கும் மேக் கோப்புகளைக் "கட்டி" என்ற இன்னொரு கருவி படிக்கும். இரண்டும் சேர்ந்து நிஞ்சாவுக்கு ஒரு பெரிய வேலைப்பட்டியலை எழுதித் தரும். அதற்குப் பிறகுதான் நிஞ்சா கம்பைலைத் தொடங்கும், சதவீதமும் தெரியும்.

அந்த வலை பின்னும் வேலை ஒற்றைப் புரோசஸில் நடக்கிறது. மைனஸ் ஜே என்பது நிஞ்சா ஒரே நேரத்தில் எத்தனை வேலைகளை ஓட்டலாம் என்று சொல்வது. சூங்குக்கு வேண்டிய நினைவு அதனால் குறையாது. ஜே 2 கொடுத்தாலும் ஜே 12 கொடுத்தாலும் இந்த இடத்தில் தேவை ஒன்றேதான். உங்கள் 16 ஜிபியில் டெஸ்க்டாப்பும் உலாவியும் போக மிச்சம் இருந்தது அதற்குப் போதவில்லை.

ஸ்வாப் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? உபுண்டு தானாக வைத்த 2 ஜிபியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதை 32 ஜிபி ஆக்குங்கள். எஸ்எஸ்டியில் ஒரு ஸ்வாப் கோப்பு போதும், பார்ட்டிஷன் வேண்டாம். உலாவியை மூடுங்கள். முடிந்தால் டெஸ்க்டாப்பையே விட்டு வெளியேறி, வெறும் கன்சோலில் ஓட்டுங்கள். சரிபார்ப்பதற்கு முழு பில்ட் கொடுத்து மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. "எம் நத்திங்" என்ற கட்டளை சூங், கட்டி படிகளை மட்டும் ஓட்டிவிட்டு நிற்கும். அது பிழையில்லாமல் முடிந்தால் முதல் வாசலைத் தாண்டிவிட்டீர்கள்.

அதற்கப்புறம்தான் ஜே-க்கு வேலை. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் த்ரெட் எண்ணிக்கையோடு 2 சேர்த்துக்கொள்ளும். உங்களுக்கு 14 வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும். பெரிய சி++ கோப்பு ஒன்றே ஒரு ஜிபியைத் தாண்டும். நான் ஒரு வேலைக்கு 2 ஜிபி என்று வைத்துத்தான் எப்போதும் கணக்குப் போடுவேன். இது என் அனுபவக் கணக்கு, விதி இல்லை. மற்றவை போக 10 ஜிபி மிஞ்சும் என்று வைத்தால் உங்களுக்கு ஜே 4 அல்லது ஜே 5.

கல்தூண் எழுதியது:

நிரலோடை சொன்னதோடு உடன்படுகிறேன், ஒன்றைத் தவிர. ஸ்வாப் கோப்புக்கு முன்னால் இசட்ரேம் வையுங்கள். ரேமின் ஒரு பகுதியிலேயே சுருக்கி வைப்பதால் எஸ்எஸ்டி வரை போக வேண்டியதில்லை. சூங் பிடித்து வைத்திருப்பதில் பெரும்பகுதி சரங்களும் பாதைப் பெயர்களும். அவை நன்றாகவே சுருங்கும். இசட்ரேமுக்கு முன்னுரிமை அதிகமாகவும் ஸ்வாப் கோப்புக்குக் குறைவாகவும் கொடுத்தால் முதலில் இது நிரம்பி, பிறகு அது.

ஆனால் என் நேர்மையான கருத்து, இதெல்லாம் ஒரு தடவைக்குத்தான் சரி. மாதா மாதம் பாதுகாப்புத் திருத்தம் வரும், மாதா மாதம் பில்ட் செய்ய வேண்டும். அப்போது ஸ்வாப்போடு மல்லுக்கட்ட முடியாது. அந்த லேப்டாப்பில் ரேம் ஸ்லாட் எத்தனை, அதிகபட்சம் எவ்வளவு ஏற்கும் என்று பாருங்கள். டிஎம்ஐடிகோட் கட்டளை இரண்டையும் சொல்லும். ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தால் வழியில்லை. ஸ்லாட் இருந்தால் 32 ஆக்குவதுதான் நீங்கள் செய்யக்கூடிய ஒரே நல்ல செலவு. ப்ராசஸரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

தேன்சிட்டு எழுதியது:

ஸ்லாட் இரண்டு இருக்கிறது, இரண்டிலும் 8, 8. மொத்தம் 32 வரை ஏற்கும் என்று காட்டுகிறது. முதலில் ஸ்வாப்பில் முயன்று பார்க்கிறேன். பில்ட் ஆகும், போனில் ஓடும் என்று தெரிந்த பிறகு செலவு செய்தால் மனம் நிம்மதியாக இருக்கும்.

மின்மினி எழுதியது:

எல்லோரும் ரேமைப் பற்றியே பேசுகிறீர்கள். அவருக்கு அடுத்து இடிக்கப் போவது டிஸ்க்.

512 ஜிபி என்று விற்கும் எஸ்எஸ்டி, டெர்மினல் கட்டளைகள் 1024-இல் எண்ணும் முறையில் 476 ஜிபிதான். அதில் இயங்குதளம், உங்கள் சொந்தக் கோப்புகள், இப்போது சேர்க்கும் 32 ஜிபி ஸ்வாப் எல்லாம் போகட்டும். சோர்ஸ் ஒன்றரை நாள் இறங்கியது என்றால் முழு வரலாற்றோடு இறக்கியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. ரெப்போ என்பது நூற்றுக்கணக்கான கிட் (நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கருவி) களஞ்சியங்களை ஒன்றாக மேய்க்கும் கருவி. டாட் ரெப்போ என்ற மறைந்திருக்கும் கோப்புறைக்குள் எல்லாக் களஞ்சியங்களின் வரலாறும் இருக்கும். வெளியே நீங்கள் பார்க்கும் கோப்புகள் அதிலிருந்து எடுத்து விரித்த இன்னொரு படி. ஆக ஒரே பொருள் இரண்டு முறை இடம் பிடிக்கிறது. அதிலும் ப்ரீபில்ட்ஸ் கோப்புறையில் கிளாங், ஜேடிகே, ரஸ்ட் போன்ற கம்பைல் கருவிகள் எல்லாம் தயார் பைனரியாக இருப்பதால், அவற்றின் பழைய பதிப்புகளும் வரலாற்றில் சேர்ந்து வீங்கும்.

நமக்கு வேண்டியது பில்ட் செய்வது மட்டும்தான் என்றால் பழைய வரலாறு எதற்கு? ரெப்போ இனிட் கொடுக்கும்போது டெப்த் 1 என்று வைத்தால் கடைசி நிலை மட்டும் இறங்கும். சிங்க் கொடுக்கும்போது நடப்புக் கிளை மட்டும், டேக்ஸ் வேண்டாம் என்ற இரண்டையும் சேர்த்தால் இன்னும் குறையும். இறக்கும் நேரமும் இடமும் பெரிதாகக் குறைவதைக் கண்ணால் பார்ப்பீர்கள். பின்னால் ஏதாவது ஒரு களஞ்சியத்தின் வரலாறு வேண்டுமென்றால் அதை மட்டும் தனியாக விரித்துக்கொள்ளலாம்.

சிங்கின்போதும் ஜே உண்டு. அதைக் கூட்டினால் வேகம் கூடும் என்று நினைத்து 16, 24 என்று வைக்கிறார்கள். சர்வர் ஒரு கட்டத்தில் 429 என்று சொல்லி மறுத்துவிடும். 4 வைத்தால் போதும். பாதியில் நின்றாலும் மறுபடி சிங்க் கொடுங்கள், முடிந்த களஞ்சியங்களை விட்டுவிட்டு மற்றவற்றைத் தொடரும்.

அப்புறம், பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கை யாரும் சோர்ஸ் வைக்கப் பயன்படுத்தாதீர்கள். நான் ஒரு காலத்தில் அப்படித்தான் வைத்திருந்தேன். கம்பைலில் ப்ராசஸர் சும்மா உட்கார்ந்து டிஸ்க்குக்காகக் காத்திருக்கும். பல லட்சம் சின்னச் சின்னக் கோப்புகள், தலை அங்குமிங்கும் ஓடிக்கொண்டே இருக்கும். அதே கணினியில் எஸ்எஸ்டிக்கு மாற்றிய அன்று, கிட் ஸ்டேட்டஸ் கொடுத்தால் உடனே பதில் வந்ததைப் பார்த்து நான் எழுந்து நின்றுவிட்டேன். சாட்டா எஸ்எஸ்டியா என்விஎம்இயா என்பதில் அவ்வளவு பெரிய வித்தியாசம் நான் உணரவில்லை. எஸ்எஸ்டியாக இருப்பதுதான் முக்கியம்.

இலைமறை எழுதியது:

பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையில் இசட்ஸ்டாண்டர்ட் சுருக்கத்தோடு வைத்தால், பில்டின் முடிவுகள் சேரும் அவுட் கோப்புறை நன்றாகவே சுருங்குகிறது. நான் இரண்டு வருடமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன். சோர்ஸும் டெக்ஸ்ட் என்பதால் சுருங்கும். டாட் ரெப்போ மட்டும் சுருங்காது, கிட் ஏற்கனவே சுருக்கித்தான் வைத்திருக்கிறது.

முந்தைய கம்பைல் முடிவுகளைச் சேமித்து மறுபடி பயன்படுத்தும் சி-கேஷ் பற்றி யாரும் சொல்லவில்லையே? லினேஜ் வழிகாட்டியில் 50 ஜிபி ஒதுக்கச் சொல்கிறார்கள். அடுத்த பில்ட் வேகமாக முடியும்.

கல்தூண் எழுதியது:

இவர் நிலையில் சி-கேஷ் இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. முதல் பில்டில் அதனால் லாபம் இல்லை, ஒவ்வொரு முடிவையும் எழுதி வைப்பதால் கொஞ்சம் தாமதம்தான். இருக்கும் இடத்தில் 50 ஜிபியை அதற்குக் கொடுத்தால் அவுட் கோப்புறை நிரம்பும்போது "இடமில்லை" என்று நின்றுவிடும். எட்டு மணி நேரம் ஓடி 97 சதவீதத்தில் அப்படி நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

அதோடு சி-கேஷ் சி, சி++ கம்பைலுக்குத்தான் உதவும். ஜாவா, கோட்லின், ரஸ்ட் எதையும் அது தொடாது. ஆண்ட்ராய்டின் புதிய பதிப்புகளில் அந்தப் பங்கு பெரிது.

இலைமறை எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், முதல் பில்டுக்குப் பயனில்லை. ஆனால் அவர் மாதா மாதம் செய்யப் போகிறவர் என்று நீங்களேதான் சொன்னீர்கள். அவுட்டை முழுக்கத் துடைத்துவிட்டு மறுபடி பில்ட் செய்யும் நாள் கட்டாயம் வரும், அன்றைக்கு இதன் அருமை தெரியும். இடம் குறைவென்றால் 20 ஜிபி கொடுத்து, சுருக்கத்தை இயக்கி வைக்கட்டும். இன்னொன்று, ஆண்ட்ராய்டு 10 முதல் சோர்ஸோடு சி-கேஷ் பைனரி வருவதில்லை. நாமே நிறுவி, அதன் பாதையை சூழல் மாறியில் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டுவிட்டு, வேலை செய்யவில்லை என்று நினைப்பவர்கள் நிறைய.

கல்தூண் எழுதியது:

சரி, அந்த அளவில் எனக்கும் சம்மதம். முதல் பில்ட் முடிந்து டிஸ்க்கில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்த பிறகு வைக்கட்டும்.

வானவில் எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னியுங்கள். என்னிடம் 32 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் 11 கணினி இருக்கிறது. விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2-இல் இதைச் செய்ய முடியுமா? இல்லை, மேக்புக் ஒன்றும் இருக்கிறது, அதில் செய்யலாமா?

மின்மினி எழுதியது:

மேக்கில் பில்ட் செய்வதற்கான ஆதரவை 2021 ஜூன் 22-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். ஆப்பிள் சிலிக்கான் என்றால் இன்னும் சிக்கல், லினக்ஸ் மெய்நிகர் கணினி வைத்தாலும் சோர்ஸோடு வரும் ப்ரீபில்ட் கருவிகள் எக்ஸ்86-க்கு உரியவை. மேக்கை விட்டுவிடுங்கள்.

டபிள்யூஎஸ்எல் 2 அதிகாரபூர்வமாக ஆதரிக்கப்படவில்லை, ஆனால் ஓடுகிறது. நான் செய்திருக்கிறேன். மூன்று விஷயம் கவனியுங்கள். அது தானாக விண்டோஸின் மொத்த ரேமில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ளும். உங்கள் 32 அங்கே 16 ஆகிவிடும், பிறகு நீங்களும் இதே 137-ஐத்தான் பார்ப்பீர்கள். டபிள்யூஎஸ்எல் கான்ஃபிக் கோப்பில் மெமரியை 26, 28 என்று கூட்டி, ஸ்வாப்பையும் கூட்டுங்கள். சோர்ஸை லினக்ஸ் பக்கத்துக் கோப்புறையில் வையுங்கள். சி டிரைவில் வைத்து லினக்ஸ் வழியாக எட்டிப் பார்த்தால் ஆமை வேகம்தான். அதோடு விண்டோஸ் கோப்பு முறைமை பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டைச் சாதாரணமாகப் பார்ப்பதில்லை. ஆண்ட்ராய்டு சோர்ஸுக்கு அந்த வேறுபாடு கட்டாயம். கடைசியாக, லினக்ஸ் பக்கம் வைக்கும் மெய்நிகர் டிஸ்க் கோப்பு வளரும், உள்ளே அழித்தாலும் தானாகச் சுருங்காது. 300 ஜிபியை அழித்த பிறகும் விண்டோஸில் இடம் திரும்பவில்லையே என்று பதற வேண்டாம், அதைத் தனியாகச் சுருக்க வேண்டும்.

முடிந்தால் தனி எஸ்எஸ்டியில் லினக்ஸ் போட்டுவிடுங்கள். நான் அப்படித்தான் கடைசியில் மாறினேன்.

செங்காந்தள் எழுதியது:

தேன்சிட்டு, உங்களுக்கு உதவலாம் என்று என் அனுபவம் ஒன்றை எழுதுகிறேன். எனக்கு 32 ஜிபி இருந்தும் பில்ட் நிற்கும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு கோப்பில். ஒரு நாள் கிளாங் செக்மென்டேஷன் ஃபால்ட், அடுத்த நாள் ஜாவா விர்ச்சுவல் மெஷின் சாகும், மறுபடி கொடுத்தால் அந்தக் கோப்பு பிழையில்லாமல் போகும். இரண்டு வாரம் டிவைஸ் ட்ரீயைக் குடைந்தேன். கடைசியில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓட்டினால் ரேம் குச்சி ஒன்றில் பிழை. அன்றாட வேலையில் ஒரு நாளும் தெரியவில்லை. பல மணி நேரம் எல்லா ரேமையும் நிரப்பி எல்லாக் கோரையும் ஓட்டும்போதுதான் வெளியே வந்தது.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நின்றால் அது பெரும்பாலும் நிரல் பிழை. இடம் மாறி மாறி நின்றால் வன்பொருளைச் சந்தேகப்படுங்கள். பழைய லேப்டாப்பில் ரேம் மாற்றப் போகிறவர் என்பதால் சொல்கிறேன், புதிய குச்சியைப் போட்டதும் ஒரு இரவு மெம்டெஸ்ட் ஓட்டிவிட்டுப் பில்ட் தொடங்குங்கள். பிழையுள்ள ரேமில் உருவான இமேஜ் பில்ட் ஆகிவிட்டது என்பதற்காகச் சரியானது என்று நம்ப முடியாது.

நிரலோடை எழுதியது:

தோழி சொன்னது மிக முக்கியம். லேப்டாப் என்பதால் சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு கோரும் மணிக்கணக்கில் முழு மூச்சில் ஓடினால் ப்ராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அடிப்பக்கம் காற்றுப் போக இடம் வைத்து உயர்த்தி வையுங்கள், விசிறியின் தூசியைத் துடையுங்கள். டர்போவை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்ததில் எனக்கு மொத்த நேரம் சில நிமிடங்கள்தான் கூடியது, சூடு வெகுவாகக் குறைந்தது.

சதவீதம் ஓடத் தொடங்கிய பிறகும் நினைவு தின்னும் இடங்கள் உண்டு. நடுவில் மெட்டலாவா, ஆர்8 போன்ற ஜாவா கருவிகள் வரும். மெட்டலாவா முழு ஃப்ரேம்வொர்க்கின் ஏபிஐயையும் படித்து ஸ்டப் எழுதுவது. அங்கே இரண்டு விதமாகச் சாகலாம், இரண்டுக்கும் மருந்து வேறு. "ஜாவா ஹீப் ஸ்பேஸ்" என்று வந்தால் கணினியின் ரேம் தீரவில்லை, ஜாவா தனக்கு வைத்துக்கொண்ட எல்லை தீர்ந்தது. எல்லை எதுவும் சொல்லாவிட்டால் ஜாவா மொத்த ரேமில் கால் பங்கைத்தான் உச்சமாக வைத்துக்கொள்ளும். 16-இல் 4 ஜிபி. அப்போது அந்த எல்லையைச் சொல்லும் எக்ஸ்எம்எக்ஸ் மதிப்பைக் கூட்ட வேண்டும். அதே இடத்தில் 137 வந்தால் நிஜமாகவே ரேம் இல்லை, எக்ஸ்எம்எக்ஸைக் கூட்டினால் நிலைமை மோசமாகும், ஜே-யைக் குறைக்க வேண்டும்.

இன்னோர் இடம் கர்னல். உங்கள் டிவைஸ் கர்னலில் முழு எல்டிஓ (இணைக்கும்போது மொத்த நிரலையும் சேர்த்து மேம்படுத்தும் முறை) இயக்கியிருந்தால் கடைசி இணைப்புப் படி ஒன்றே பல ஜிபி கேட்கும். கான்ஃபிக்கில் அதைத் தின் எல்டிஓ-வாக மாற்றினால் தாங்கும்.

பில்ட் பாதியில் நின்றால் அவுட்டை அழிக்காதீர்கள். மறுபடி அதே கட்டளை கொடுங்கள், முடிந்ததை விட்டுவிட்டு மிச்சத்தைத்தான் செய்யும். மேக் கிளீன் கொடுத்துத் தொடங்கும் பழக்கம் பழைய வழிகாட்டிகளிலிருந்து வந்தது, குறைந்த ரேம் உள்ளவர்களுக்கு அது பெரிய தண்டனை.

கார்முகில் எழுதியது:

வாடகைக்கு கிளவுட் சர்வர் எடுத்தால் என்ன? மணிக்கணக்கில் எடுக்கலாம். 32 கோர், 64 ஜிபி எடுத்து இரண்டு மூன்று மணி நேரத்தில் முடித்துவிட்டு விட்டுவிடலாம். சோர்ஸ் அங்கேயே வேகமாக இறங்கும், நம் இணைப்பைத் தின்னாது. நாம் வீட்டுக்கு இறக்குவது ஒரு ஜிபி, இரண்டு ஜிபி ஜிப் மட்டும்தான்.

நிரலோடை எழுதியது:

நல்ல வழிதான், நானும் அவசரத்துக்குச் செய்திருக்கிறேன். டிஸ்க்கைத் தனியாக வைத்திருக்கும் செலவை மறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு மாதமும் சோர்ஸைப் புதிதாக இறக்குவதா, 300 ஜிபியை அங்கேயே வைத்திருப்பதா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கையொப்பச் சாவியை மட்டும் அங்கே ஏற்றாதீர்கள். எதுவும் செய்யாமல் பில்ட் செய்தால் டெஸ்ட் கீஸ் என்ற சாவியால் கையொப்பமிடும். அது சோர்ஸ் ட்ரீயிலேயே எல்லோருக்கும் தெரியும்படி கிடக்கிறது, அதை வைத்து யார் வேண்டுமானாலும் உங்கள் போனின் சிஸ்டம் அனுமதி உள்ள ஆப்பை உருவாக்கலாம். சொந்தச் சாவியை வீட்டுக் கணினியிலேயே உருவாக்குங்கள். வாடகை சர்வரில், கையொப்பமிடத் தயாரான டார்கெட் ஃபைல்ஸ் ஜிப் வரை மட்டும் பில்ட் செய்து, அதை இறக்கி, வீட்டில் கையொப்பமிடுங்கள். அதற்கு 8 ஜிபி ரேம் உள்ள கணினியே போதும்.

புல்லாங்குழல் எழுதியது:

8 ஜிபியோடு இதைப் படித்துக்கொண்டிருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். கர்னலை மட்டும் தனியாகக் கம்பைல் செய்ய அது தாராளம். போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் பக்கமும் பாருங்கள். போன்களுக்கான லினக்ஸ் இயங்குதளம், ஆல்பைன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. பெரும்பாலான பேக்கேஜ்கள் தயார் பைனரியாக இறங்கும், நம் போனுக்குரிய கர்னலையும் சில பேக்கேஜ்களையும் மட்டும்தான் பில்ட் செய்வோம். நான் ஒரு பழைய லேப்டாப்பில் தொடங்கி அங்கேதான் டிவைஸ் ட்ரீ என்றால் என்ன என்று கற்றேன்.

தேன்சிட்டு எழுதியது:

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன்.

ஊம்டியை நிறுத்தினேன். இசட்ரேம் 8 ஜிபி, ஸ்வாப் கோப்பு 32 ஜிபி. டெஸ்க்டாப்பை விட்டு வெளியேறி கன்சோலில் "எம் நத்திங்" கொடுத்தேன். 25 நிமிடம் ஓடிப் பிழையில்லாமல் முடிந்தது. முதல் முறையாக மூச்சு வந்தது. பிறகு ஜே 4 வைத்து முழு பில்ட். 41 சதவீதத்தில் மெட்டலாவா 137. நிரலோடை அண்ணா சொன்னபடி அவுட்டைத் தொடாமல் ஜே 2 கொடுத்து அந்த இடத்தைத் தாண்டினேன், பிறகு நிறுத்தி ஜே 4-க்கு மாற்றினேன். எல்லாம் சேர்த்து 13 மணி நேரம். அவுட் கோப்புறை மட்டும் 120 ஜிபிக்கு மேல். டிஸ்க்கில் மிச்சம் 19 ஜிபி. மின்மினி எச்சரித்திராவிட்டால் ஸ்வாப்பை 64 வைத்திருப்பேன், கடைசியில் இடமில்லாமல் நின்றிருக்கும்.

ஜிப்பை போனில் ஏற்றினேன். பூட் அனிமேஷன் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது, பிறகு வரவேற்புத் திரை வந்தது. நானே கம்பைல் செய்த ஆண்ட்ராய்டு என் கையில் ஓடுகிறது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

இப்போது 16 ஜிபி குச்சிகள் இரண்டு வாங்கிவிட்டேன். மெம்டெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கிறது, மூன்றாவது சுற்று, இதுவரை பிழை இல்லை.

ஃபோன், வைஃபை, ப்ளூடூத் எல்லாம் வேலை செய்கிறது. கேமரா மட்டும் திறந்ததும் மூடிக்கொள்கிறது. போனின் பதிவுகளைக் காட்டும் லாக்கேட்டில் ஏதோ ஒரு லைப்ரரி கிடைக்கவில்லை என்று வருகிறது, போன் நிறுவனத்தின் வெண்டார் கோப்புகளை எடுத்ததில் ஒன்று விட்டுப்போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

நிரலோடை எழுதியது:

மிகுந்த மகிழ்ச்சி. கேமராவுக்குத் தனி இழை தொடங்குங்கள், லாக்கேட்டை முழுசாக இணையுங்கள், அந்த லைப்ரரி பெயரோடு. வெண்டார் கோப்பு ஒன்றைச் சேர்ப்பதற்கு முழு பில்ட் வேண்டாம். பட்டியலில் சேர்த்துவிட்டு அதே அவுட்டின் மேல் மறுபடி கொடுங்கள், சூங் படிக்கும் நேரமும் இமேஜ் கட்டும் நேரமும்தான். 32 ஜிபியில் ஜே 10 வரை போய்ப் பாருங்கள், எவ்வளவு நேரம் ஆனது என்று இங்கே எழுதுங்கள். 6 கோர் வைத்திருக்கும் அடுத்தவருக்கு அந்த எண் வேண்டியிருக்கும்.

தேன்சிட்டு எழுதியது:

கேமராவைச் சேர்க்கும் முன் சி-கேஷ் 20 ஜிபியோடு முதலிலிருந்து ஒரு பில்ட் ஓட்டினேன். 32 ஜிபி, ஜே 10, டெஸ்க்டாப் திறந்தபடியே, டர்போ அணைத்து. 5 மணி 50 நிமிடம். ஸ்வாப் 3 ஜிபியைத் தாண்டவில்லை. கேமரா இழையில் சந்திக்கிறேன் அண்ணா.